ராணிக் குளத்துக் கல்லில் இருபத்தைந்து

மாணிகாகட்
4 மே 1983

மகரா,

நலம். நீயும் பேரப்பிள்ளைகளோடு சுகமாக இருப்பாய். இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. இரண்டு வேளையும் தண்ணீர் ஊற்றி வைத்த பகாளாச் சோறுதான் இறங்குகிறது.

நம்ம ஊர் சரித்திரம் எழுதுகிறாயாமே! அரண்மனைக் காரியஸ்தர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பன்னிரண்டு வயசில் ஊரை விட்டுப் போனவன், முப்பத்தைந்து வருஷம் ரயில் டைம்டேபிள் போட்டவன், ஆறே மாசத்தில் ராஜாக்களையும் பிளாட்பாரத்தில் வரிசையாக நிறுத்திவிட்டாய். கெட்டிக்காரன்தான் போ. முப்பது வருஷமாகக் கல்லெழுத்தைத் தேய்த்துத் தேய்த்துப் படித்த இந்தப் பள்ளிக்கூட வாத்தியாரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சின்ன ராஜா உனக்கு நாற்காலி போட்டாராம். என்னை அங்கே இதுவரை உட்காரச் சொன்னதில்லை. வயிறு எரிகிறது. உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

உன் மகரா


கட்டக்
11 மே 1983

மகரா,

நன்றாகத் திட்டு. உனக்கில்லாத உரிமையா? மகர சங்கராந்தியன்று ஒரே இலையில் மகர அரிசிப் பிரசாதம் தின்று சிநேகம் கட்டிக்கொண்டோம். அன்றிலிருந்து இருவருமே மகரா; பேரைச் சொன்னால் சிநேகம் முறிந்தது என்று அர்த்தம், ஐம்பது வருஷமாக ஒருத்தர் பேரை ஒருத்தர் வாயால் சொன்னதில்லை. உன் பேரே மகராதான் என்று நினைக்கின்றன என் பேரப்பிள்ளைகள்.

உன்னைக் கேட்காமல் ஆரம்பித்தது தப்பு. நீ வேண்டாம் என்றால் பேனாவைத் தொட்டிருக்க மாட்டேன், அந்தப் பயம்தான். கைப்பிரதி அனுப்புகிறேன், பார்த்துக் கொடு. முக்கியமாக முப்பத்தோராம் பக்கம். ராணிக் குளத்துக் கல்லில், ராஜா பட்டமேறிய இருபத்தைந்தாம் ஆண்டில் குளம் வெட்டியதாக இருக்கிறது. பட்டமேறியது 1750. அதனால் குளம் 1775 என்று எழுதியிருக்கிறேன். நீ சரி என்றால்தான் அச்சுக்குப் போகும்.

வீட்டுக்காரி உளுந்து வடகம் கொடுத்தனுப்பியிருக்கிறாள்.

உன் மகரா


மாணிகாகட்
2 ஜூன் 1983

மகரா,

வடகத்தில் உப்பு தூக்கல். முப்பத்தோராம் பக்கத்தை மூன்று தடவை படித்தேன். எல்லாம் சரி.

உன் மகரா


கட்டக்
9 ஆகஸ்ட் 1983

மகரா,

அச்சு ஆரம்பமாகிவிட்டது. ராஜாக்களின் புது வருஷம் பிறக்கும் சுனியா அன்று அரண்மனைச் சபையில் வெளியிடுகிறார்கள்.

உனக்குத் தெரியாமல் ஒன்று செய்தேன். அட்டையில் உன் பேர் மேலே, என் பேர் கீழே. உன் பேரை நான் எழுத முடியுமா? சீட்டில் வீட்டுக்காரி எழுதினாள், நான் அச்சகத்தில் நீட்டினேன். சின்ன ராஜாவிடமும் சொல்லியாயிற்று: முதல் நாற்காலி உனக்கு. புதுச் சட்டை தைத்துக்கொள்.

உன் மகரா


மாணிகாகட்
14 ஆகஸ்ட் 1983

மகரா,

அச்சை நிறுத்து. முப்பத்தோராம் பக்கம் தப்பு. தெரிந்தேதான் விட்டேன்.

நம் ராஜாக்களுக்கு முதல் ஆண்டு என்பதே கிடையாது. பட்டமேறியதுமே இரண்டாம் ஆண்டு. ஆறில் முடிவதும் சைபரில் முடிவதும் ஆகாது, தாண்டிவிடுவார்கள், பத்து மட்டும் விலக்கு. கல்லில் இருபத்தைந்து என்றால், பட்டமேறிய 1750-ஐயும் சேர்த்து எண்ணினால், நிஜத்தில் இருபத்தொன்று. குளம் 1770. ராஜா 1772-லேயே செத்துப்போனார், அந்த ஓலை என் பெட்டியில் இருக்கிறது. உன் புத்தகத்தில் பிணம் எழுந்து வந்து குளம் வெட்டுகிறது.

சபையில் யாராவது அதைச் சொல்லிச் சிரிக்கணும், நீ நாற்காலியில் நெளியணும், நான் நின்றபடி பார்க்கணும் என்று ஆசைப்பட்டேன். பொறாமை, வேறென்ன. தன் பேர் அட்டையில் வருகிறதென்று பயந்து எழுதுகிறான் என்று நினைப்பாய். அதுவும் நிஜம்தான். என் பேரை எடுத்துவிடு. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டி எழுது, எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

உன் மகரா


கட்டக்
29 ஆகஸ்ட் 1983

திரு. கோலக் பிகாரி பட்நாயக் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. முப்பத்தோராம் பக்கம் திருத்தப்பட்டுவிட்டது. சொன்னபடியே அட்டையில் தங்கள் பெயர் மேலே இருக்கிறது. இந்த முறை நானே எழுதிக் கொடுத்தேன்.

சுனியா அன்று முதல் நாற்காலி தங்களுக்குத்தான். என்னால் வர இயலாது.

இப்படிக்கு,
நடபர் மொகந்தி