மொட்டைமாடியில் வளைந்த இறக்கை

ஜனக்புரி,
ஜூன் 14

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நலம். உங்கள் முதுகுவலி குறைந்ததா? அத்தை வேளைக்கு மாத்திரை போடுகிறார்களா?

ஒன்று சொல்கிறேன், பதறாதீர்கள். போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். நான் லீவில் வந்தபோது நாம் இருவரும் ஒட்டி, ரயிலில் மடியைவிட்டு இறக்காமல் கொண்டுவந்தேனே, அந்த விமான மாடல் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை வர்ணம் பூசி, சீக்கிரம் காயட்டும் என்று, வடகம் வைப்பதுபோல் எவர்சில்வர் தட்டில் மொட்டைமாடியில் வைத்தேன். துணி துவைத்துவிட்டு ஏறிப்போனால், இரண்டு இறக்கையும் வாழைப்பழத் தோல் மாதிரி தொங்குகின்றன! "ஐயோ!" என்று கத்திவிட்டேன். இன்னும் கண்ணை மூடினால் அதுதான் தெரிகிறது.

கீழ்வீட்டு வத்சலா மாமி ஓடி வந்து, "அரே, தில்லி வெயில்ல தட்டைத் தொட்டாலே கை வெந்துடும். அதுல போய் பிளாஸ்டிக்கை வெப்பாளோ?" என்றார்.

நேற்று கரோல் பாக் கடைத்தெருவுக்குப் போய் அதே மாடல் பெட்டியை வாங்கி, மறுபடி தொடங்கிவிட்டேன். பழையதில், தண்ணீர்த் தொட்டி நிழல் விழுந்த வால் மட்டும் தப்பியது. அதில் பசையோடு உங்கள் கட்டைவிரல் ரேகை பதிந்திருக்கிறது. தேய்க்க மனம் வரவில்லை. அதையே புதியதில் பொருத்தப்போகிறேன்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் கொஞ்சம் உப்புத்தாளும், நம் துணிக்கொடி கிளிப் நாலும் கொடுத்துவிடுங்கள். பசை காயும்வரை இறக்கையைப் பிடிக்க வேண்டும். இங்கே கிளிப் கிடைக்காமல் இல்லை. போன தடவை அரைமணி நேரம் உங்கள் கைதானே பிடித்திருந்தது.

ஆபீஸ் பஸ் வந்துவிட்டது.

கனிமொழி