வாசிக்க நேரமில்லாத வெளியீட்டு விழா

இன்று கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு நூல் வெளியீடு. வாசலில் பன்னீர் தெளித்தார்கள். அந்த மணம் பட்டதும் உள்ளே போக மனம் வரவில்லை. திரும்பி வந்து உமக்கு எழுதுகிறேன். நீர் செத்துப்போன பிறகும் இந்தக் கூத்துக் குறையவில்லை என்று வேறு யாரிடம் சொல்ல?

யுத்த காலத்தில் உம்முடைய புத்தகத்துக்கும் இதே பன்னீர்தான். கந்தோரில் எனக்குப் பக்கத்து மேசையில் இருந்த நீர், பின்னேரங்களில் கரீபியன் தீவுகளில் வளர்ந்த பிள்ளைகளின் கதைகளைத் தமிழாக்கினீர். அதில் ஒன்று, புயலில் கூரை பறந்து பள்ளிக்கூடத்தில் படுத்துறங்கும் சிறுமியின் கதை. அதை என் மகள் விழாவில் வாசிக்க வேண்டும் என்று நின்றீர். “எங்கட பிள்ளையளுக்கு இது விளங்கும். எத்தினை பேர் இடம்பெயர்ந்து பள்ளிக்கூடத்தில படுத்தெழும்பி வந்ததுகள்” என்றீர்.

மேடை நிறையப் பெரிய மனிதர்கள். ஒருவராவது புத்தகத்தைத் திறந்திருந்தால்தானே! தலைவர் “ஆபிரிக்கச் சிறுவர்களின் வீரம்” என்று முழங்கினார். அடுத்தவர் அதை நம்பி யானை, சிங்கம் என்று போனார். பிறகு ஒருவருக்கொருவர் பொன்னாடை. பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். கடைசியில் தலைவர் எழுந்தார்.

“இருட்ட முன்னம் எல்லாரும் ஆமி செக்பொயின்ற் தாண்ட வேணும். பிள்ளையின்ர வாசிப்பை விடுவம், நன்றியுரையோட முடிப்பம்.”

என் மகள் புத்தகத்தை மூடினாள். அந்த ஆளின் கழுத்துப் பொன்னாடையைப் பிடித்து இறுக்க வேண்டும் போலிருந்தது எனக்கு.

நன்றியுரை உம்முடையது. தம் பெயரைக் கேட்கத் தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நீர் யார் பெயரையும் சொல்லவில்லை.

“நன்றி சொல்ல நேரமிருக்கெண்டால் கதைக்கும் இருக்கு. வா பிள்ளை” என்று அவளை ஒலிவாங்கியின் முன்னால் நிறுத்தினீர்.

பெரியவர்கள் முகம் கறுத்து எழுந்து வடை இருந்த பக்கம் போனார்கள். வெறுமையான முன்வரிசைக்குப் பிள்ளைகள் ஓடி வந்தார்கள். மகள் வாசிக்க, கதையில் கூரை பறக்கும் இடம் வந்ததும் ஒரு சிறுமி கத்தினாள்: “எங்கட வீடும் அப்பிடித்தான்!”

அந்த ஒரு நன்றியுரைக்காக உம்மை அவர்கள் பிறகு எந்த மேடைக்கும் கூப்பிடவில்லை. மிச்சக் கதைகளும் அச்சேறவில்லை. ஆனால் செத்ததும் இரங்கல் கூட்டம் வைத்தார்கள், வெட்கங்கெட்டவர்கள். உம் பெருமையைப் பேச என்னைக் கேட்டார்கள். அச்சேறாத கதையொன்றை எடுத்து வாசித்தேன். நெளிந்து நெளிந்து எழுந்து போனார்கள்.

போகட்டும். இவர்கள்மேல் உமக்கிருந்த இளக்காரம் இப்போது என்னிடம் இருக்கிறது. பத்திரமாக வைத்திருக்கிறேன்.