ஒரே காரில் இரண்டு பேர்

மார்ச் 3, ஞாயிறு

ரிமோட் கார் வாங்கியாச்சு. புதுசு இல்லை. ஜெராக்ஸ் கடைக்காரர் இரண்டு வருஷம் ரேஸ் ஓட்டிய பழைய வண்டி. சார்ஜரும் கொஞ்சம் உதிரி பாகங்களும் சேர்த்தே கொடுத்தார். தனியாக வாங்கக் கட்டுப்படியாகாது என்று தங்கச்சி புருஷனும் நானும் பாதிப் பாதி போட்டோம். மாப்பிள்ளை பஸ் டிரைவர், நான் லிப்ட் மெக்கானிக். ஒரே கார், ஒரே பேட்டரி. ஆள் மாற்றி ஆள் ஓட்ட வேண்டியது. உடைத்தவர் சரிசெய்ய வேண்டியது.

"முதல் வருஷம் வேகத்துக்குச் செலவு பண்ணாதீங்க. உடையுற பாகத்தை மட்டும் ரெண்டு ரெண்டா வாங்கி வைங்க," என்றார் ஜெராக்ஸ்காரர்.

மார்ச் 10

ஞாயிற்றுக்கிழமை ரேஸில் புதியவர்கள் பிரிவில் சேர்ந்தோம். எல்லாருக்கும் ஒரே மோட்டார், ஒரே டயர். காசைக் கொட்டினாலும் பிரயோஜனமில்லை, நமக்கு நல்லது. மாப்பிள்ளை சுவரில் மோதி, முன்சக்கரத்தைப் பிடிக்கும் பிளாஸ்டிக் கையை முறித்தான். "நீங்களே மாட்டிடுங்க மச்சான், உங்களுக்குத்தான் கைவாகு."

பல்லைக் கடித்துக்கொண்டு மாட்டினேன்.

மார்ச் 17

மாப்பிள்ளை மறுபடியும் அதே பிளாஸ்டிக் கையை முறித்தான். திட்டினேன். சட்டையைப் பிடித்தான். தள்ளினேன், குத்தினான். உதடு கிழிந்தது. வீட்டில், கார் பட்டது என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 24

எழுதிவிட வேண்டும்.

முதல் தடவையாக இறுதிப் போட்டிக்குத் தேறியிருந்தேன். தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள், மாப்பிள்ளை ஒரே ஒரு ரவுண்டு என்று காரை எடுத்து ஓட்டியிருக்கிறான். கார் கவிழ்ந்து கிடந்தது. கடைசி உதிரியும் போச்சு.

"விடுங்க மச்சான், பொம்மைதானே."

அவன் கையிலிருந்த ரிமோட்டைப் பிடுங்கி முகத்திலேயே அடித்தேன். ஒன்றோடு நிறுத்தினேனா? இல்லை. நாலு. மூன்று பேர் சேர்ந்து என்னை இழுத்தார்கள். முகத்தைப் பொத்திய விரலிடுக்கெல்லாம் ரத்தம் — "ஐயோ கண்ணு, கண்ணு" — நான் இன்னும் திமிறிக்கொண்டிருந்தேன். என்ன ஜென்மம்டா நான்?

மார்ச் 25

இடது கண். ஆபரேஷன் முடிந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் தங்கச்சி செருப்பைக் கழற்றி அடித்தாள். "அவர் பஸ் ஓட்டுறவருடா! பஸ் ஓட்டுறவரு!" அண்ணன் என்றில்லாமல், கை ஓயும்வரை.

வாங்கிக்கொண்டேன்.

ஏப்ரல் 2

தானே வழுக்கி விழுந்ததாகப் போலீசிடம் சொல்லியிருக்கிறான். யார் சொல்லச் சொன்னது?

ஏப்ரல் 19

அந்தக் கண்ணில் இனிப் பார்வை வராதாம்.

ஜூன் 8

அவனை டிப்போ ஸ்டோர் ரூமுக்கு மாற்றிவிட்டார்கள். வீட்டு வாசலில் போய் நின்றேன். பளாரென்று அறைந்தான். இன்னொன்று. மூன்றாவதில் காது அடைத்துக்கொண்டது. "இன்னும் ஆறலை," என்று கதவைச் சாத்தினான். காரையும் என் பங்கையும் அவனுக்கே விட்டுவிட்டேன் என்று கதவைப் பார்த்துச் சொல்லிவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 15

மாப்பிள்ளை இன்று ஓட்ட வருகிறான் என்று ஜெராக்ஸ்காரர் போன் செய்தார். கவிழ்ந்த கார்களைத் தூக்கி நிறுத்த ஆள் போதவில்லையாம். டிராக்கின் இடது திருப்பத்தில் போய் நின்றேன்.

அவனுக்குத் தூரம் பிடிபடவில்லை. ஆறு தடவை அங்கேயே வந்து மோதினான். ஆறு தடவையும் நிமிர்த்தி வைத்தேன். ஓட்டுகிறவர்கள் நிற்கும் மேடையில் அவன் முகத்தை நான் பார்க்கவில்லை. ஏழாவது தடவை, "சீக்கிரம் தூக்குங்க!" என்று கத்தினான். ஜூனுக்குப் பிறகு என்னிடம் அவன் பேசியது அதுதான்.

ஓடினேன்.