தாழ்ப்பாளை இழுத்துப் பார்ப்பவள்

12.8.1986, செவ்வாய்

இன்று வருடாந்திரத் துப்பாக்கிப் பயிற்சி. காலையில் டீக்கடையில் ஏட்டுகளோடு சேர்ந்து நானும் வாயை விட்டேன். பெண் போலீசுக்கு ஸ்டேஷனில் எழுத்து வேலை போதும், துப்பாக்கி எதற்கு என்றேன். மல்லிகா பக்கத்தில்தான் டீ குடித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் என் மனைவி, ஸ்டேஷனில் என்னைப் போலவே கான்ஸ்டபிள்.

நான் சுட்டு முடித்ததும் அவள் முறை. "காலிதான், புடி" என்று ரைஃபிளை நீட்டினேன்.

"தொறந்து பாக்காம எப்புடிங்க வாங்கறது?"

குழாயைக் குண்டு தாங்கும் மண்மேட்டுப் பக்கம் திருப்பி போல்ட்டை இழுத்தாள். ஒரு தோட்டா துள்ளி என் பூட்ஸ் மேல் விழுந்தது.

சுட்டதை எண்ணாமல் விட்டது என் தப்பு. இன்ஸ்பெக்டரிடம் நானே போய்ச் சொன்னேன். திட்டு வாங்கித் திரும்பினால், "மொகமெல்லாம் வேர்த்துப்போச்சு, தண்ணி குடிங்க" என்கிறாள். அதற்கு இன்ஸ்பெக்டர் திட்டே தேவலாம்.

அவள் திறந்து பார்க்காமல் வாங்கியிருந்தால்... வேண்டாம், அதை எழுத வேண்டாம்.

சற்றுமுன் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். வழக்கம்போல எழுந்துபோய்த் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து, "என்மேல நம்பிக்கை இல்லியா?" என்று இதற்குத்தான் கத்துவேன்.

இன்று அவள் இழுத்துப் பார்க்க டார்ச் அடித்துக் காட்டினேன்.