பத்தாவது குழியின் வளைவு

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் கையெழுத்தைப் பார்த்தாலே உனக்குத் தெரிந்திருக்கும், மனசுதான் ஒரு நிலையில் இல்லை. நேற்று போனில் பேசும்போது பாதியில் லைன் போய்விட்டது. நீ வேலை செய்யும் தீவில் மழை வந்தால் போன் எடுக்காது என்று உன் ஆபீஸ் பெண் சொன்னாள். உனக்கு வரைபடங்கள் வரும் கூரியரில் இதையும் சேர்த்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

நிதானம் அண்ணன் போய்விட்டார். போனில் இது உன் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை, அதனால் மறுபடி எழுதுகிறேன். நம் பொக்லைன் ஓட்டுபவர்தான். என்ன அவசரம் என்றாலும் "நிதானம், நிதானம்" என்பாரே, அவர். நேற்று ஆஸ்பத்திரியில் அவருடைய சொந்தப் பெயரைக் கேட்டார்கள். கூட வந்த ஆட்களில் பாதிப் பேருக்குச் சொல்லத் தெரியவில்லை.

நம் கோல்ஃப் மைதானத்தில், பத்தாவது குழியில் நீ வெள்ளைப் பெயின்டால் கோடு போட்டுவிட்டுப் போன இடத்தில்தான் காலையில் வேலையை ஆரம்பித்தார். நான் பதினொன்றாவது குழியைச் சுற்றிய கிரீனில் புல்லுக்கடியில் ஈரம் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய சத்தமாக எதுவும் கேட்கவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, நின்றுவிட்டது, அவ்வளவுதான். டீ குடிக்க இறங்கியிருப்பார் என்று நினைத்துக்கொண்டு என் வேலையைப் பார்த்தேன். அப்புறம்தான் யாரோ ஓடி வந்து என் கையைப் பிடித்து இழுத்தார்கள்.

போய்ப் பார்த்தால் பொக்லைன் இல்லை. அவ்வளவு பெரிய மஞ்சள் வண்டி நின்ற இடத்தில் மண் புகைந்துகொண்டிருந்தது. கிட்டப் போகாதே என்று எல்லாரும் கத்தினார்கள். தரை அப்படியே வாயைத் திறந்து வண்டியை முன்பக்கமாக உள்ளே இழுத்திருந்தது. பின்பக்கத்துச் சங்கிலிச் சக்கரம் மட்டும் உள்ளே கொஞ்சம் தெரிந்தது. அடியில் தண்ணீர் இருந்தது. தீயணைப்பு ஆட்கள் வந்து அவரை மேலே கொண்டுவரும்போது மத்தியானம் தாண்டிவிட்டது. உயிர் இல்லை.

அவர் மனைவி தையல் கடையிலிருந்து நேராக ஓடி வந்தாள். கழுத்தில் அளவு டேப் தொங்கிக்கொண்டே இருந்தது, கடைசி வரைக்கும் அதை எடுக்கவே இல்லை. அழவும் இல்லை. எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அந்த இடத்தில் தரைக்கடியில் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. கிரேன் வைத்து வண்டியைத் தூக்கின பிறகுதான் தெரியுமாம். கிளப் செயலாளர் என்னிடம், "மேடம், யார் என்ன கேட்டாலும் இப்போதைக்கு ஒண்ணும் பேசாதீங்க" என்றார்.

நீ உடனே கிளம்பி வா. மைதானத்தைப் பழையபடி திருத்தி வடிவமைப்பவன் நீ, பக்கத்தில் இருக்க வேண்டிய நேரம் இது. உன் மனைவியிடம் நான் எதுவும் சொல்லவில்லை, நீயே சொல். வேளைக்குச் சாப்பிடு, தனியாக உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருக்காதே. மழையில் படகு ஏறுவதானால் ஜாக்கிரதையாக ஏறு.

அன்புடன்,
அக்கா

-

அன்புத் தம்பிக்கு,

உன்னிடமிருந்து பதில் வரும் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பதில் வரவில்லை, உன் வரைபடம்தான் வந்திருக்கிறது. அதை நேற்று பார்த்தேன். அதைப் பற்றி எழுதுவதற்கு முன்னால், நீ இன்னும் பார்க்காத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பொறுமையாகப் படி.

கிரேன் வந்து வண்டியைத் தூக்கிவிட்டார்கள். கீழே இருந்தது ஒரு கிணறு. செங்கல் வைத்துக் கட்டின பெரிய வட்டக் கிணறு. மைதானம் வருவதற்கு முன் இங்கே பண்ணை இருந்ததாம், அந்தக் காலத்துக் கிணறு. மண் போட்டுத் தூர்க்காமல், வாயில் கட்டைகளைப் போட்டு, அதற்கு மேல் சுண்ணாம்பையும் கல்லையும் குழைத்துத் தட்டையாக மூடியிருக்கிறார்கள். உடைந்த மூடித் துண்டுகளை மேலே கொண்டுவந்து புல்லில் வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். ஒன்றை எடுத்துத் துடைத்துப் பார்த்தேன். இத்தனை வருஷம் மண்ணுக்குள் கிடந்தும் வெள்ளை வெளேரென்று இருக்கிறது.

அந்த வெள்ளையைப் பார்த்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். உனக்கும் இந்நேரம் புரிந்திருக்கும்.

மைதானம் திறந்த புதிதில் விமானத்திலிருந்து எடுத்த அந்தப் பழைய போட்டோவை நீ எங்கள் சாப்பாட்டு மேசை மேல் விரித்து வைத்துக்கொண்டு பேசிய பேச்செல்லாம் ஞாபகம் வந்தது. மேசையைத் துடைக்கக்கூட என்னை விடவில்லை. உன் தொழிலில் எல்லாருக்கும் ஒரே கணக்கு. பழைய படத்தில் வெள்ளையாகத் தெரிந்தால் மணல், கறுப்பாகத் தெரிந்தால் மரம். பத்தாவது குழியில் ஆட்டப் பாதை போகிற போக்கில் காரணமே இல்லாமல் இடது பக்கம் ஒதுங்கி, மறுபடி கிரீனுக்குத் திரும்பும். மேடும் இல்லை, ஓடையும் இல்லை, எதற்கு இந்த வளைவு என்று நூறு வருஷமாக ஆட்டக்காரர்கள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். அந்த வளைவின் உள்பக்கத்தில் ஒரு வெள்ளைப் பொட்டு இருப்பதைக் கண்டுபிடித்து நீ குதித்தாய். இந்த மைதானத்தை வடிவமைத்த பெரியவர் அங்கே ஒரு பங்கர் வைத்திருந்தார், பின்னால் யாரோ மூடிவிட்டார்கள், அந்த மணல் பள்ளத்தைத் தாண்டி அடிக்கத் துணிகிறவனுக்குக் குறுக்கு வழி, துணியாதவனுக்குச் சுற்று வழி, அதற்குத்தான் வளைவு என்றாய். கிளப்பில் அதையே படம் போட்டுப் பேசியபோது எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். இந்த மைதானத்தின் புல்லைப் பார்த்துக்கொள்பவள் நான், உன் பெயரைக் கிளப்புக்குச் சொன்னவளும் நான். அன்றைக்கு எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

பெரியவர் அங்கே எந்த விளையாட்டும் காட்டவில்லை, தம்பி. அங்கே ஒரு கிணறு இருந்தது, நாம் மணல் என்று நினைத்த வெள்ளைப் பொட்டு அதன் மூடி. மூடி போட்டாலும் அதன் மேல் ஆள் நடக்கக் கூடாது என்று பாதையை ஒதுக்கிக்கொண்டு போனார். அவ்வளவுதான் அந்த வளைவு. ஒருத்தரும் விழக் கூடாது என்று அவர் விலகிப் போன இடத்தை, அவர் மேல் உள்ள பக்தியில் நாம் தேடிப் பிடித்துத் தோண்டியிருக்கிறோம்.

இதில் எனக்கும் பங்கு உண்டு. வெயில் காலத்தில் அந்த இடத்துப் புல் மட்டும் முதலில் காய்கிறது என்று உன்னிடம் சொன்னது நான்தான். அடியில் பழைய மணல் இருக்கிறது, அதனால்தான் தண்ணீர் நிற்கவில்லை என்றாய். நானும் ஆமாம் போட்டேன். பெரியவர் தோண்டின பங்கர் ஒன்றுகூட வட்டமாக இருக்காது, எல்லாம் விரல் விரித்த கைபோல இருக்கும் என்று நீ எத்தனை முறை சொல்லியிருக்கிறாய். இது மட்டும் நாணயம்போல வட்டமாக இருந்ததே, அதை நீயும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கண்டுபிடித்துவிட்டோம் என்ற சந்தோஷம் இரண்டு பேர் கண்ணையும் மறைத்துவிட்டது.

இதுவரை நடந்தது தப்பு. அந்தப் போட்டோவை யாரிடம் காட்டியிருந்தாலும் மணல் என்றுதான் சொல்லியிருப்பார்கள். அதற்காக உன்னை நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். வேறு யாராவது சொன்னால் சண்டைக்கும் போவேன், என்னைத்தான் உனக்குத் தெரியுமே.

நேற்று நடந்தது வேறு. செயலாளர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் உன் வரைபடத்தை விரித்து, மூலைக்கு ஒரு கோப்பையாக வைத்திருந்தார். பத்தாவது குழியில் பங்கர் இடம் மாறியிருந்தது. கிணற்றை விட்டு நன்றாகத் தள்ளி, பாதைப் பக்கமாக வந்திருந்தது. மூலையில் விபத்துக்கு முந்தின தேதி. கீழே உன் கையெழுத்து. "டிரைவர் கோட்டைத் தாண்டித் தோண்டிட்டார் மேடம். பாவம்தான், என்ன பண்றது. வேற யார் மேலயும் தப்பு சொல்ல முடியாது. உங்க தம்பியும் அதைத்தான் சொல்றார்" என்றார். எனக்கு டீ வரவழைத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

முதலில் யாரோ உன் பெயரில் வரைந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே குனிந்து பார்த்தேன். பள்ளத்தின் விளிம்புக்கு நீ பென்சிலைச் சாய்த்து நிழல் போடுவாயே, அது இருந்தது. கிணற்றைப் பார்த்தபோது எனக்குப் பயம் வந்தது. இதைப் பார்த்தபோது வந்தது என்ன என்று சொல்லத் தெரியவில்லை. பேயறைந்த மாதிரி வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றாமல் சமையலறையில் நின்றுகொண்டிருந்தேன். உன் அத்தான் வந்து அடுப்பை அணைத்த பிறகுதான் எதையோ கருகவிட்டிருக்கிறேன் என்பதே தெரிந்தது.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபப்படாதே. நீ பங்கரை நகர்த்தியிருக்கும் இடம் தண்ணீர் வடிகிற சரிவு. முதல் மழைக்கே குளமாகிவிடும். உன் உதவியாளர்கள் யாராவது இப்படி வரைந்திருந்தால் கிழித்து எறிந்திருப்பாய். எவ்வளவு பதற்றத்தில் வரைந்திருக்கிறாய் என்று அதிலேயே தெரிகிறது. கிளப்பில் என்ன சொல்லிப் பயமுறுத்தினார்கள் என்று நான் கேட்கவில்லை. இனி உன்னை நம்பி யார் பழைய மைதானங்களைத் தருவார்கள் என்று சொல்லியிருப்பார்கள். உண்மைதான், தர மாட்டார்கள்.

ஆனால் நிதானம் அண்ணன் கோட்டைத் தாண்டவில்லை. கோடு போட்ட அன்று டேப்பின் ஒரு முனை உன் கையில், மறு முனை என் கையில். அவர் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்று, விளிம்பில் ஒரு சாண் விட்டு உள்ளேயே ஆரம்பிக்கிறேன், அப்புறம் வேண்டுமானால் அகலப்படுத்திக்கொள்ளலாம் என்றார். உனக்கும் அது காதில் விழுந்தது. பெயின்ட் கோடு மண்ணோடு கிணற்றுக்குள் போய்விட்டது. இப்போது அந்தக் கோடு எங்கே இருந்தது என்று தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர்.

தையல் கடைக்குத் துணி கொடுக்க வருகிறவர்கள், அவர் குடிப்பாரா என்று அவர் மனைவியிடமே கேட்கிறார்களாம். ஊர் வாயை எந்த மூடி போட்டு மூடுவது. அவள் கடையைச் சாத்திவிட்டு நேற்று சாயங்காலம் என்னைப் பார்க்க வந்தாள். வாசலிலேயே நின்றுகொண்டு, "அவர் கோட்டைத் தாண்டினாராக்கா? உள்ளதைச் சொல்லுங்க, நான் தாங்கிக்குவேன்" என்றாள். உன் வரைபடத்தைப் பார்த்துவிட்டு வந்த அதே நாள். உள்ளே வா என்று கூப்பிட்டேன், அதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை. அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, சரிக்கா என்று கிளம்பிவிட்டாள். அவளுக்கு என்ன புரிந்தது என்று நினைக்கவே எனக்குக் கூசுகிறது.

வெள்ளிக்கிழமை விசாரணை அதிகாரி வருகிறார். என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள். கோட்டைப் பார்த்தீர்களா என்று கேட்பார்கள். பார்த்தேன் என்று சொல்லத்தான் போகிறேன். எங்கே என்று கேட்பார்கள். அதையும் சொல்வேன். இதில் உன்னிடம் நான் அனுமதி கேட்கவில்லை. எனக்கு முன்னால் அதை நீ சொல்லிவிட வேண்டும் என்றுதான் கேட்கிறேன். நீ சொன்னால் தப்பு செய்த ஒருவன் ஒத்துக்கொண்டான் என்று இருக்கும். நான் சொன்னால் என்னவாக இருக்கும் என்று என்னால் எழுத முடியவில்லை. வியாழக்கிழமை படகைப் பிடித்தால் வந்துவிடலாம். உன் அறையைப் பெருக்கி வைத்திருக்கிறேன்.

நேற்று சரிக்கா என்று படியிறங்கிப் போனவள் திரும்பி வந்தாள். "உங்க தம்பிக்கு விஷயம் தெரியுமாக்கா? இங்க இருந்தப்போ இவர்கிட்டதான் உக்காந்து பேசிட்டு இருப்பார். ரொம்ப இளகின மனசு. திடீர்னு சொல்லிடாதீங்க, பக்குவமா சொல்லுங்க, ஒடைஞ்சு போயிடுவார்" என்றாள்.

பக்குவமாகச் சொல்ல எனக்கு வரவில்லை. தெரிந்த மட்டும் சொல்லிவிட்டேன். நீ நல்லா இருக்கணும், கண்ணு. வந்துவிடு.

உன்
அக்கா