ரஷ்ய ஐயனார்

மல்லாவி, வெள்ளி.

இல்லை, அது போலி இல்லை. அதை மட்டும் மாமியிடம் உறுதியாகச் சொன்னேன்.

பக்கத்து வீட்டு மாமி பின்னேரம் கூப்பிட்டு, சுவரில் சாமிப்படங்கள் வைக்கும் சாமித்தட்டில் இருந்த, கறுப்பு அரக்குப் பூசிய சிறு பெட்டியைத் தந்தார். காலமான மாமா மொஸ்கோவில் படித்துவிட்டு வந்தபோது கொண்டுவந்தது. விற்றுக் குழாய்க்கிணறு அடிக்க வேண்டுமாம். மிளகாய்க் கன்றுகள் கருகுகின்றன. ஓவியரின் பெயர் இருந்தால்தான் நல்ல விலை என்று நான் பழம்பொருள் பார்த்துக் கொடுக்கும் கொழும்பு வியாபாரி என்னிடம் சொல்லியிருந்தார்.

மூடியில் வெள்ளைக் குதிரை, மேலே ஒரு வீரன். பூதக்கண்ணாடியில், அச்சடித்த படங்களில் இருக்கும் புள்ளி எதுவும் தெரியவில்லை. மயிரிழைத் தூரிகைக் கோடுகள். கையால் வரைந்ததுதான்.

"ஏன் மாமி சாமித்தட்டில வைச்சனீங்கள்?"

"அவர்தான் பகிடிக்கு, 'இது ரஷ்ய ஐயனார், கும்பிடும்' எண்டவர். அவர் மோசம் போனாப்பிறகு நான் உண்மையாவே கும்பிடத் தொடங்கீட்டன்."

ஓவியர்கள் தங்கள் பெயரைப் படத்தின் அடியில் பொன் நிறத்தில் எழுதுவார்கள். இதில் குதிரைக் குளம்புக்குக் கீழே அந்த இடம் தேய்ந்து வெளிறியிருந்தது. ஓர் எழுத்தின் வால் மட்டும் மிச்சம். காட்டினேன்.

"ஐயோ பிள்ளை, அதிலதான் வெள்ளிக்கு வெள்ளி சந்தனம் வைக்கிறனான். பழசை ஈரத்துணியால நல்லாத் தேய்ச்சுப்போட்டுத்தான் புதுசு வைப்பன்."

நான் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தேன்.

"அப்ப பேரில்லாட்டி?"

"ஒரு கிணத்துக்குக் காணாது மாமி."

மாமி பெட்டியை வாங்கித் தட்டில் வைத்தார். விளக்கேற்றும் நேரம் ஆகியிருந்தது. சந்தனம் குழைத்து, அதே இடத்தில் பொட்டு வைத்தார். நான் தடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து, பெயர் அழிந்துவிட்டது என்று கொழும்புக்கு எழுதி அனுப்பினேன்.