வேற கூட்டத்துச் சிப்பு

மும்பை,
டிசம்பர் 1997

அம்மணி துளசிமணிக்கு,

முட்டிவலி இப்போது எப்படி இருக்கிறது? நான் நலம், என் தொப்பை என்னைவிட நலம்.

பென்டியம் அல்லாத மலிவுச் சிப்பு போட்ட கம்ப்யூட்டர்களை விற்றுத் தீர்த்தால் பொங்கலுக்கு லீவு என்று முதலாளி சொல்லியிருந்தார் அல்லவா? நேற்றுக் கடைக்குத் திருப்பூர்க்காரர் ஒருவர் வந்தார்.

"ஏனுங்க, இது பென்டியமுங்களா?"

"இல்லீங்க, வேற கம்பெனிங்க. ஆனா அதே போர்டுல பொருந்துமுங்க."

"ஒரே குலக் கூட்டம்னாத்தானுங்க பங்காளி, வேற கூட்டம்னா தாராளமாப் பொண்ணு குடுத்து எடுக்கலாமுங்களே!" என்று சிரித்தவர், மிச்சமிருந்த அத்தனையும் வாங்கிப்போனார்.

முதலாளிக்கு ஒரே குஷி. அதே சிப்பில் இரண்டு மடங்கு சரக்குக்குச் சொல்லிவிட்டு, "உன்னை விட்டால் யார் விற்பது?" என்று என் லீவை ரத்து செய்துவிட்டார்.

பருப்புப்பொடி அனுப்பு. நம் கவின் கையெழுத்து அழகுதான். இருந்தாலும் பார்சல்மேல் விலாசத்தை நீயே எழுது.

முதலாளி கூப்பிடுகிறார். வாரேன் கண்ணு.

நாச்சிமுத்து